மலையடிவாரத்துப் பகலுணவு



வரலாறு என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவன மன்னர்களும் படையெடுப்புகளும் முடிசூட்டு ஆண்டுகளுமே. அவ்வாண்டுகளை உங்களை ஒத்த பிள்ளைகள் உருப்போடும்படி செய்த குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. முப்பத்தேழு ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்தவன் நான். அந்தப் பாடப்புத்தகங்களில் இடம்பெறாத ஒரு வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை பகலில் என்ன உண்டது, அதை யார் கொடுத்தார்கள், கொடாதபோது என்ன நேர்ந்தது என்பதே அவ்வரலாறு.

என் ஊர் போடிநாயக்கனூர். நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்றாக இருந்து, பின்னர் ஜமீனாகி, இன்று தேனி மாவட்டத்தில் ஒரு நகராட்சியாக விளங்குகிறது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் ஏலமலை. ஏலக்காய் விளைவது மலைமேல், பெரும்பகுதி கேரள எல்லைக்குள்; அது விலைபோவது அடிவாரத்தில், எங்கள் ஊரில். ஏலத்தை ஏலம் விடும் ஊர் என்று நாங்களே எங்களைக் கேலி செய்துகொள்வதுண்டு. முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அங்கிருந்து அப்பால் தோட்டங்கள்.

ஏலக்காய் எடுப்புக் காலத்தில் விடியுமுன் எங்கள் தெருக்களில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் தூக்குவாளியுடன் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். ஏலச்செடியில் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. முப்பது நாற்பது நாளுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வந்து, முற்றியதை மட்டும் தேர்ந்து எடுக்கவேண்டும். ஆகவே ஆடி, ஆவணி தொடங்கித் தை, மாசி வரையில் வேலை ஓயாது. தாய் இருட்டில் புறப்பட்டு இருட்டும் நேரத்தில் திரும்புகிறாள். அவள் தூக்குவாளியில் கஞ்சியோ பழைய சோறோ இருக்கும். வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் பகலுணவு எது என்பதுதான், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், எங்கள் அடிவாரத்துப் பள்ளிகளின் முதற் கேள்வி.

பழைய நாளில் இப்பகுதி மக்கள் அரிசியை அன்றாடம் உண்டவர்கள் அல்லர். 1895-ஆம் ஆண்டு முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பட்டபின் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்வயல்கள் பெருகின. அவ்வாற்று நீர் எட்டாத எங்கள் மேட்டு நிலங்களில் கம்பும் சோளமும் கேழ்வரகும் குதிரைவாலியுமே விளைந்தன. நெற்சோறு பண்டிகைக்கு உரியது. கம்பங்கூழும் சோளச்சோறும், தொட்டுக்கொள்ள மொச்சையோ கீரையோ, நாள்தோறும் உரியன. மலைமேல் நிலைமை வேறு. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடப் பாதை இயங்கிய காலத்தில், தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின, தோட்டத்தார்க்கு வேண்டிய அரிசி முதலிய பண்டங்கள் மேலே ஏறின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேல் இருந்த சிறு ரயில்பாதையை அழித்தது. தோட்டத் தொழிலாளி கூலியோடு அரிசிச் சோற்றையும் பழகிக்கொண்டார் என்பது என் கருத்து. அடிவாரத்தார் அவரைப் பார்த்து, அரிசி உண்பதே மேன்மை என்று எண்ணத் தொடங்கினர்.

அந்த எண்ணம் எவ்வளவு சரி என்பதை அதே காலத்தில் குன்னூரில் ஒருவர் சோதித்துக் கொண்டிருந்தார். ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட பஞ்சாப் உணவு உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசியே மிகுதியாகவும் பாலும் காய்கறியும் அற்பமாகவும் கொண்ட சென்னை மாகாண உணவு உண்டவை 155 கிராம். வரிசையில் கடைசி இடம் நமக்கே. இச்செய்தியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு தம் கைகளைப் பார்த்துக்கொள்வார்கள். அவருக்குப்பின் ஆய்வுக்கூடத் தலைவராக வந்த அய்க்ராய்ட் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1930-களில் விடுதிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால் கொடுத்துப் பார்த்து, அப்பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் முந்துவதைக் கண்டனர். குன்னூர்க் கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக இருக்கிறது.

பள்ளியிலேயே உணவளிக்கும் கருத்து நம் நாட்டில் மட்டும் தோன்றியதன்று. ஜப்பானில் 1889-இல் சுருவோகா என்னும் ஊரில், புத்தத் துறவியர் நடத்திய பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் சுட்ட மீனும் ஊறுகாயும் கொடுத்தனர். இங்கிலாந்தில் போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, வந்த இளைஞர் பலர் உடல் வலுவின்றித் தள்ளப்பட்டதைக் கண்டு அரசு திடுக்கிட்டது. 1906-இல் பள்ளியுணவுச் சட்டம் வந்தது. துறவியர் இரக்கத்தால் செய்ததை, அரசு சிப்பாய் வேண்டிச் செய்தது. பிள்ளைக்கு எப்படியோ சோறு கிடைத்தது.

சென்னையில் இது தொடங்கியது 1920-இல். நீதிக் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் அப்போது சென்னை மாநகராட்சியின் தலைவர். ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க மன்றம் ஒப்புக்கொண்டது. அப்பள்ளிப் பிள்ளைகள் மிக ஏழைகள் என்பதும், அதனால் வருகை குறைகிறது என்பதும் தியாகராயர் சொன்ன காரணம். பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23-இல் 811 ஆக இருந்த பிள்ளைகள் தொகை 1924-25-இல் 1,671 ஆயிற்று. கணக்குப் பாடத்தில் நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: இரண்டாண்டுகளில் இருமடங்குக்கு மேல்! ஆயினும், தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிடலாகாது என்று மேலிடம் தடுத்ததால் 1925-இல் திட்டம் நின்றது. இரண்டாண்டு கழித்து, மாநகராட்சி விடாமல் கேட்டதால், மீண்டும் தொடங்கியது. தணிக்கையாளர் ஒருவர் கோட்டைக் கிழித்தால் பிள்ளையின் தட்டு காலியாகும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

மாகாணம் முழுமைக்கும் இதைக் கொண்டு சென்றவர் காமராசர். அவர் 1954-இல் முதலமைச்சரானார். மாடு மேய்த்த சிறுவனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று அவர் கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. ஊருக்கு ஊர் அந்தச் சிறுவன் மாறுவான். எங்கள் பக்கத்திலும் ஒருவர் தம் உறவினனே அவன் என்று சாதித்தார்! கதை எப்படியாயினும், 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று பெரியோர்களை ஊக்கினார். முதலில் ஊரார் கொடையே முதல். பின்னர் அரசு பங்கேற்றது: ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்கு 10 காசு செலவு என்றால் 6 காசு அரசுடையது, 4 காசு ஊராருடையது. அந்த 4 காசுதான் இத்திட்டத்தின் நுட்பம் என்று நான் நினைப்பதுண்டு. அரிசி அளந்த மனிதர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து பார்ப்பார். ஆசிரியர் வந்தாரா என்றும் பார்ப்பார்.

நான் அந்தச் சோற்றை உண்டவன். 1960-களின் நடுவில் எனக்கு ஆறு வயது. அப்போது 'கேர்' என்னும் அமெரிக்க நிறுவனம் 1961 முதல் அனுப்பிவந்த பால்பொடியும் எண்ணெயும் தானியமும் பள்ளிக்கு வரும். மூட்டைகளில் இரு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். அந்தக் கைகள் யாருடையவை என்று நாங்கள் வாதிட்டிருக்கிறோம். மஞ்சள் நிற மக்காச்சோள உப்புமாவின் மணம் பதினோரு மணிக்கே வகுப்பறைக்குள் வந்துவிடும். அதன்பின் ஆசிரியர் சொன்ன எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை. என் தாயார் வீட்டில் கேழ்வரகுக் களி கிண்டுவார். நானோ அந்த மஞ்சள் உப்புமாவுக்காகக் காலைக் களியைத் தள்ளி வைப்பேன். தம் களியைப் பிள்ளை மதிக்கவில்லை என்று அவர் வருந்தியது இப்போது புரிகிறது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 344 மில்லிகிராம் சுண்ணச்சத்து. அதே அளவு தீட்டிய அரிசியில் சுமார் 10 மில்லிகிராம்தான். அதை அன்று எனக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

1981-இல் ஆசிரியர் பயிற்சி முடித்து, மலையடிவாரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். மறு ஆண்டு, 1982 ஜூலை முதல் நாள், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதன் அளவு முன்பு எவரும் எண்ணாதது. அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். முதலில் ஊர்ப்புறத்துக்கு, செப்டம்பரில் நகரங்களுக்கு, 1984-இல் பெரிய வகுப்புகளுக்கும். வாக்குக்காகக் கொட்டும் பணம் என்று பத்திரிகைகளில் எழுதியவர்கள் பலர். பள்ளிக்கூடம் சத்திரமாகிவிடும் என்று ஆசிரியர் அறையில் பேசியவர்களில் நானும் ஒருவன்.

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலை வருகைப் பதிவின்படி அரிசி அளப்பது அப்போது எங்கள் வழக்கம். பத்து மணிக்கு எண்ணிக்கை எழுதி அனுப்பிவிடுவோம். நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி, பதினொரு மணிக்கு மேல்தான் வருவாள். முதல் மாதம் கண்டித்தேன். இரண்டாம் மாதம் வெளியே நிறுத்தினேன். ஒருநாள், சோற்றுக்காக மட்டும் வருகிறாயா என்று எல்லாரும் கேட்கக் கேட்டு, பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்குத் தட்டு இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அவள் அழவில்லை. தட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. விசாரித்தபோது தெரிந்தது: தாய் விடியலில் மலையேறிவிட, கைக்குழந்தையைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, பாட்டி வேலை முடித்து வரும்வரையில் காத்திருந்து, பிறகு அவள் ஓடி வருவாள். காலையில் அவள் எதுவும் உண்டதில்லை. என் பள்ளியின் பகலுணவே அவளுக்கு அன்றைய முதல் உணவு. நான் வீட்டுக்குப் போய் அழைத்தேன். பாட்டி என்னை 'ஐயா' என்று மரியாதையாகவே உட்காரச் சொன்னார். பிள்ளையை அனுப்புவதாகவும் சொன்னார். அனுப்பவில்லை. ஓராண்டு கழித்து, அதிகாலையில் மலையேறும் ஜீப்பின் பின்புறத்தில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். என்னைப் பார்த்து எழ முயன்று, இடமின்றி மீண்டும் உட்கார்ந்தாள்.

அதன்பின் என் வகுப்பில் எண்ணிக்கை எழுதும்போது, வந்தவர்களோடு வரக்கூடியவர்களையும் சேர்த்தே எழுதினேன். அது விதிக்கு ஒத்ததன்று. தணிக்கைக்கு வந்த அலுவலர் ஒருவர் இரண்டு படி அரிசிக்குக் கணக்குக் கேட்டார். சொல்ல முடிந்ததைச் சொன்னேன்.

வேறொரு தொல்லையும் இருந்தது. சமையலர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று கேட்டு, பிள்ளையை வீட்டிலிருந்தே டப்பா கட்டி அனுப்பிய பெற்றோர் சிலர் இருந்தனர். கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இவ்வேலையில் முன்னுரிமை தந்திருந்தார்கள். எங்கள் சமையலர் அத்தகையவர். மிகத் தூய்மையானவர். தலைமையாசிரியர் முதற்கவளம் உண்டு பார்க்கவேண்டும் என்ற ஏற்பாட்டை எங்கள் தலைமையாசிரியர் வாசலில் பாய் போட்டு, தெருவில் போவோர் பார்க்கும்படி நிறைவேற்றினார். நாள்தோறும் அவர் அங்கே அமர்ந்து உண்டார். ஒரு பருவம் முடிவதற்குள் டப்பாக்கள் குறைந்தன. அறவே மறைந்தன என்று சொல்லமாட்டேன். பிற்காலத்தில் நான் தலைமையாசிரியனானபோது அதே பாயைத்தான் விரித்தேன்.

மலைமேல் உள்ள குடியிருப்புகளுக்கு அரிசி கொண்டுபோவது தனிக் கதை. குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் போன்ற இடங்களுக்கு வண்டிப்பாதை இல்லை; குதிரை முதுகிலோ தலைச்சுமையாகவோ போகவேண்டும். மழைக்காலத்தில் மூட்டை நனைந்துவிட்டால் அந்த வாரத்துக் கணக்கும் நனைந்தது போலத்தான்.

பிந்திய ஆண்டுகளின் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989-இல் முதலமைச்சர் கருணாநிதி காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. படிப்படியாகப் பெருகி, 2010-இல் வாரம் ஐந்து நாளும் முட்டை என்றாயிற்று. 2001 நவம்பர் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு, குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் உடையதாக, வழங்கவேண்டும் என்று ஆணையிட்டது. அன்றுவரையில் பல மாநிலங்களில் பிள்ளைகள் தானியத்தை மூட்டையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயினர். சமைத்த சோறு நமக்குப் பழகிப்போனதால் அதன் அருமையை நாம் மறந்திருந்தோம்.

இனி வீட்டிலிருந்து கட்டிச் செல்லும் உணவைப் பற்றி. உங்களில் பலர் உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் படிப்பவர்கள். உங்கள் தாய்மார் அதிகாலையில் எழுந்து கட்டிக்கொடுக்கிறார்கள், அல்லது நீங்களே கட்டிக்கொள்கிறீர்கள். நம் முன்னோர் கட்டுச்சோற்றில் கைதேர்ந்தவர்கள். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் வழிப்பயணத்துக்கு உரியனவாக அமைந்தது சுவைக்காக மட்டுமன்று. புளிப்பு கெடாமல் காக்கிறது. தயிர்ச்சோற்றுக்குத் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டிப் பிசைந்தால் பகலுக்குள் புளிப்பு ஏறாது. சோற்றைச் சூட்டோடு அடைத்து மூடினால் ஆவி வேர்த்துக் கெடும், ஆறவிட்டு மூடவேண்டும். இவையெல்லாம் எங்கள் வீட்டில் எழுத்தறியாத பாட்டிக்குத் தெரிந்தவை.

குறை எங்கே என்றால், டப்பாவின் முக்கால் பங்கைச் சோறு பிடித்துக்கொள்கிறது. பள்ளிச் சத்துணவில் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம் என்று வகுத்திருக்கிறார்கள். அதாவது, அரிசியின் எடையில் பாதிக்குக் காய்கறி. வீட்டு டப்பாவை இந்தக் கணக்கில் நிறுத்துப் பாருங்கள். வசதியுள்ள வீட்டு டப்பாவும் தோற்கும். இதைச் சரிசெய்யப் பணம் மிகுதியாக வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் உள்ள புரதம் விலையுயர்ந்த மாவு டப்பாக்களைத் தேடவிடாது. வேலியில் நிற்கும் முருங்கைக் கீரையைப் பருப்போடு வதக்கி, மேலே எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். எங்கள் பக்கத்து மொச்சையை முதல்நாள் இரவே ஊறவைத்தால் காலையில் அடுப்பு நேரம் பாதி மிச்சம். வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகு அடையோ கம்புத் தோசையோ கட்டுங்கள். 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கத் தொடங்கியதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பட்டினியைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆனால், அந்த அரிசி வந்த வழியில் எங்கள் கம்பும் குதிரைவாலியும் வீட்டை விட்டுப் போயின என்பதும் உண்மை.

காலை உணவுக்கு வருகிறேன். நூறாண்டுத் திட்டங்கள் பெரும்பாலும் பகலையே கருதின; காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையைக் கணக்கில் எடுத்தவர்கள் சிலரே. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரை சிம்மக்கல்லில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர்.

ஓய்வு பெற்று ஐந்தாறு ஆண்டுகள் ஆனபின், நான் முதலில் பணிசெய்த அப்பள்ளிக்கு ஒரு புதன்கிழமை காலையில் போனேன். மணி எட்டரை. பொங்கலும் சாம்பாரும். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தனர். பெரியவள் ஒருத்தி தங்கையின் தட்டில் மிளகைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். பரிமாறி முடித்தபின் சமையற்காரப் பெண் நான்கு தட்டுகளில் பொங்கலை வைத்து மூடி ஓரமாக நகர்த்தினார். யாருக்கு அம்மா என்று கேட்டேன்.

"மலைக்குப் போற வீட்டுப் பிள்ளைங்க சார். தம்பி தங்கச்சியைப் பார்த்துட்டுக் கொஞ்சம் பிந்தித்தான் வருவாங்க" என்றார்.

பதிவேட்டில் எண்ணிக்கை எப்படி எழுதுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒன்பதே காலுக்கு முதற்பிள்ளை ஓடி வந்தது.